பூட்டிய வீட்டில் நிற்கும் நீர்

1883-ஆம் ஆண்டில் பெங்களூரு கண்டோன்மெண்டில் தற்காலிகப் படை மருத்துவராகப் பணியேற்க வந்த ரோனால்டு ராஸ் என்ற இளைஞருக்குத் தங்குவதற்கு ஒரு பங்களா கிடைத்தது. ஊர் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. கொசுத் தொல்லை மட்டும் பொறுக்கக் கூடியதாக இல்லை. பிறர் இருப்பிடங்களைக் காட்டிலும் தம் அறையில் கொசுக்கள் மிகுந்திருப்பதைக் கவனித்த அவர் அதற்குக் காரணம் தேடினார். சன்னலுக்கு வெளியே நீர் நிறைந்த தொட்டி ஒன்று இருந்தது. அதிலேதான் கொசுக்கள் பெருகிக்கொண்டிருந்தன. அவர் தொட்டியைக் கவிழ்த்தார், தொல்லை தீர்ந்தது. மற்ற இடங்களிலுள்ள தொட்டிகளையும் இவ்வாறே கவிழ்த்துவிடலாமே என்று படை அலுவலர் ஒருவரிடம் யோசனை கூறியபோது, அவர் அதற்கு இணங்கவில்லை. இயற்கையின் ஏற்பாட்டில் நாம் தலையிடலாகாது என்பது அவருடைய வாதம்.

இதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1897 ஆகஸ்டு 20-ஆம் தேதி சிகந்தராபாத்தில், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தவர் இந்த ராஸ்தான். 1902-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பெற்றது. அந்தப் பெரும் புகழின் நிழலில் பெங்களூருத் தொட்டியின் கதை மறைந்துபோயிற்று. எனினும், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் செல்வோர் நினைவிற்கொள்ள வேண்டியது இந்தத் தொட்டியைத்தான். ராஸ் அறையில் குடியிருந்தார்; கொசு கடித்தது; காரணத்தைத் தேடிக் கவிழ்த்தார். அறை பூட்டிக் கிடந்திருப்பின் தொட்டியை யார் கவிழ்த்திருப்பர்?

பெங்களூருவில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் மாதத்தின் முற்பகுதியில் தொடங்கி மே மாத இறுதி வரையில் நீடிக்கிறது. சேலம், வேலூர், மதுரை, திருநெல்வேலி என்று சொந்த ஊருக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்களும், ஹாசன், சிவமொக்கா, மங்களூரு என்று புறப்படும் கன்னடக் குடும்பங்களும் இக்காலத்தில் ரயில்களையும் பேருந்துகளையும் நிரப்புகின்றன. இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை பூட்டிக் கிடக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. புறப்படுமுன் மக்கள் செய்யும் ஆயத்தங்கள் எல்லாரும் அறிந்தவையே. நகைகள் வங்கிக்குப் போகின்றன. எரிவாயு உருளையின் ரெகுலேட்டர் மூடப்படுகிறது. அதைக் கழற்றி உருளையின் வாய்க்கு மூடியிடுவது இன்னும் நன்று. இடி மின்னலோடு கூடிய கோடை மழை இந்நகரில் வழக்கமாதலால், தொலைக்காட்சி முதலிய சாதனங்களின் இணைப்புகளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவதும் தேவை. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தபின் குடும்பம் புறப்பட்டுவிடுகிறது. நீரைப் பொறுத்தவரை, குழாய்களை மூடினோமா என்று ஒருமுறை பார்ப்பதோடு அலுவல் முடிந்துவிடுகிறது. குழாயில் வரும் நீர் அன்று, வீட்டில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் நீரே கவலைக்குரியது.

காய்ந்தாலும் சாகாத முட்டை

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றிலும் உள்ள தெளிந்த நீரையே அது விரும்புகிறது. பெண் கொசு தன் முட்டைகளை நீரின்மீது இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில், ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கிறது. ஒரு முறைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் வரை இடக்கூடும். ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத கருநிறப் புள்ளிகளாதலால் அவை பார்ப்பவர் கண்ணுக்கு அழுக்காகவே தோன்றும்.

இந்த முட்டைக்கு ஒரு விசேஷ ஆற்றல் உண்டு. பாத்திரத்து நீர் முழுதும் வற்றிப்போனாலும் அது சாவதில்லை. பல மாதங்கள் உலர்ந்த நிலையிலேயே உயிர்தாங்கி இருக்கும். மீண்டும் நீர் வந்து தன்னை மூழ்கச் செய்யும் வேளையில் பொரிக்கிறது. வெப்பமான பருவத்தில், பொரித்ததிலிருந்து ஏழு முதல் பத்து நாட்களுக்குள் புழு, கூட்டுப்புழு என்ற நிலைகளைக் கடந்து இறக்கை முளைத்த கொசு வெளிப்பட்டுவிடும்.

இதனைப் பெங்களூருவின் பருவநிலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் ஏப்ரல் மாதமே மிக வெப்பமானது. அம்மாதத்தில் தொட்டித் தட்டுகளும் வாளிகளும் வற்றிப்போகின்றன. பின்னர் மாங்காய் பழுக்கும் காலத்து மழை தொடங்குகிறது. மே மாதத்தில் மட்டும் சராசரியாக 100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஏப்ரலில் காய்ந்த முட்டைகளை மே மாத மழை எழுப்புகிறது. வீட்டிலோ ஆள் இல்லை. ஆறு வாரம் பூட்டிய வீட்டில் கொசு இரண்டு தலைமுறை, வாய்ப்பிருந்தால் மூன்று தலைமுறை கூடத் தழைத்துவிடலாம்.

இங்கே பலர் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. முட்டை வளர்ச்சிக்குப் பெண் கொசுவுக்கு இரத்தம் வேண்டும். பூட்டிய வீட்டில் மனித இரத்தம் கிடைப்பதில்லை. ஆதலின் அங்கே பிறந்த கொசு அடுத்த வீட்டைத் தேடிச் செல்கிறது. ஏடிஸ் நெடுந்தொலைவு பறப்பதன்று. பிறந்த இடத்திலிருந்து சுமார் 100 அல்லது 200 மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் அதன் வாழ்நாள் கழிகிறது. பகலில் கடிக்கும் இயல்புடையதாகையால், ஊருக்குப் போகாமல் வீட்டிலேயே விளையாடிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளே அதற்கு முதல் இரையாகின்றனர். வீட்டுக்காரர் ஊரில் மாம்பழம் உண்டுகொண்டிருக்க, அவர் வீட்டுக் கொசுவுக்கு அடுத்த வீட்டார் விருந்தளிக்கின்றனர்.

2024-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் டெங்கு கடுமையாகப் பரவியது. 25,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதி செய்யப்பட்டது. அவர்களுள் பலர் பெங்களூருவைச் சேர்ந்தவர்கள். அவ்வாண்டு செப்டம்பர் தொடக்கத்தில் மாநில அரசு டெங்குவைக் கொள்ளைநோய்ச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. கொசு உற்பத்திக்கு இடங்கொடுக்கும் வீட்டுக்கு நகர்ப்புறத்தில் 400 ரூபாயும், நாட்டுப்புறத்தில் 200 ரூபாயும், காலி மனைகளுக்கும் கட்டுமான இடங்களுக்கும் நகர்ப்புறத்தில் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டது. சட்டம் வந்தது நன்றே. ஆனால் பூட்டிய வீட்டுக்கு எழுதும் அபராதச் சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. சீட்டு செருகப்படும் அந்நேரத்திலும் உள்ளே புழுக்கள் வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

நிறைத்து மூடுவதா, வடித்து விடுவதா?

தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள் என்று சொல்வது எளிது. பெங்களூருவில் அது அவ்வளவு எளிதன்று. இந்நகருக்குக் காவிரி நீர் 1974-ஆம் ஆண்டு முதல் வந்துகொண்டிருக்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு இறைத்து ஏற்றப்படுகிறது. பல பகுதிகளில் அது நாள்தோறும் வருவதில்லை. வந்த நீரைத் தரைக்கீழுள்ள சம்ப்பில் தேக்கி, மோட்டார் வைத்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவதே இங்குள்ள வழக்கம். 2024 மார்ச்சில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றிய காலத்தில், குடிநீரைக் கொண்டு வண்டி கழுவினாலோ தோட்டத்துக்குப் பாய்ச்சினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவிக்க நேர்ந்தது. இத்தகைய ஊரில், மாடித் தொட்டியிலுள்ள ஆயிரம் லிட்டரைச் சாக்கடையில் விட்டுவிட்டுப் புறப்படுங்கள் என்று எந்தப் பணியாளரும் மனமறிந்து சொல்ல முடியாது.

சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மாடித் தொட்டியை வடித்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் வெளியேறும் குழாயின் வாய் தொட்டியின் அடியிலிருந்து சற்று உயரத்திலேயே இருப்பதால், இரண்டு மூன்று அங்குல நீர் எப்போதும் தங்கிவிடும். மூடி சரியில்லாத தொட்டியின் அடியில் தங்கிய அந்தச் சிறு நீர், புழுக்களுக்கு ஏற்ற இடம். ஆகவே இரண்டில் ஒன்றை முழுமையாகச் செய்தல் வேண்டும்: அடிநீரையும் துணியால் ஒற்றி எடுத்து உலர்த்துவது, அல்லது நீரை இருக்கவிட்டு மூடியை இறுக மூடுவது. பெங்களூருக்கு இரண்டாவது வழியே பொருத்தமானது. மாடியில் சூரிய வெந்நீர்ச் சாதனம் உள்ள வீடுகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொட்டி வற்றினால், கண்ணாடிக் குழல்கள் கொண்ட சாதனம் நீரின்றி வெயிலில் காயும்; திரும்பி வந்ததும் குளிர்ந்த நீர் அதில் பாய்ந்தால் குழல்கள் வெடிக்கக்கூடும். சாதனத்தின்மீது தடித்த துணி போர்த்திவிட்டுச் செல்வது பாதுகாப்பானது.

மூடியைப் பற்றி ஒரு சொல். வெயிலில் கோணிப்போன பிளாஸ்டிக் மூடி, கல் வைத்து அழுத்திய தகரம், ஓரம் உடைந்த சம்ப் மூடி இவையெல்லாம் மூடியே அல்ல. கொசு நுழைவதற்கு விரலளவு இடைவெளி தேவையில்லை. தொட்டியின் மேல்விளிம்பிலுள்ள வழிந்தோடும் குழாயும் காற்றுக் குழாயும் திறந்தே இருப்பதைப் பலர் நினைப்பதில்லை. அவற்றின் வாயில் கொசுவலைத் துணியை இரண்டு சுற்றாகக் கட்டிவிடலாம். கண்ணின் அளவு 1.2 மில்லிமீட்டருக்கு மிகாதிருத்தல் நன்று. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்ஸி என்னும் கொசு கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்வது. இந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட இக்கொசு, 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும், 2016-இன் இறுதியில் இலங்கையின் மன்னாரிலும் கண்டறியப்பட்டது. இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த அதே ஆண்டில் இது நேர்ந்ததால் அங்குள்ள அதிகாரிகள் கிணறுகளையும் தொட்டிகளையும் தேடி ஆராய வேண்டியதாயிற்று.

மழைநீர் சேகரிப்பு பெங்களூருவில் 2009 முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நல்ல ஏற்பாடு, எனினும் முதல் மழைநீரை ஒதுக்கும் குழாயிலும் வடிகட்டும் பீப்பாயிலும் நீர் தங்கும். புறப்படுமுன் அடிமூடியைத் திறந்துவிட்டால் போதும்.

சிறு இடங்களே அதிகம் ஏமாற்றுபவை. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்துத் தட்டு அவற்றுள் ஒன்று. பெட்டியை நிறுத்திய பின்னரும் உறைபனி உருகி அத்தட்டில் நீர் சேரும். புறப்படும் வேளையில் நிறுத்திவிட்டு ஓடினால், நிறைந்த தட்டு பூட்டிய வீட்டில் இருக்கும். ஆதலின் முந்தின நாளே நிறுத்தி, தட்டை வெளியே எடுத்துக் கொட்டி, கதவைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டிக்கு நீர் வரும் வால்வை மூடிவிட்டு ஒருமுறை இழுத்துக் காலி செய்யலாம். கழிப்பறைப் பீங்கானிலும், குளியலறைத் தரையின் ஜாலிக்குக் கீழுள்ள வளைவிலும் தங்கும் நீரை மட்டும் வெளியேற்றலாகாது. சாக்கடைக் காற்றும் கரப்பான் பூச்சியும் மேலேறி வராமல் தடுப்பது அந்த நீரே. சில வாரங்களில் அது ஆவியாகிவிடும் என்பதால், ஒரு கரண்டி சமையல் எண்ணெயை அதன்மேல் விட்டு, ஜாலியின்மீது பிளாஸ்டிக் தாள் விரித்துக் கனமான பொருள் ஒன்றை வைத்துவிடுவது வழக்கத்தில் உள்ள உபாயம். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைக் குறைப்பதோடு, மேற்பரப்புக்கு வந்து மூச்சுவிடும் புழுக்களின் மூச்சையும் அடைக்கிறது.

செடி வளர்ப்போரின் அன்பு சில வேளைகளில் விபரீதமாக முடிகிறது. ஊரிலிருந்து வரும்வரை செடி வாடாதிருக்கட்டும் என்று தொட்டிகளின் அடித்தட்டில் நீரை நிரப்பிவிட்டுச் செல்வது இந்நகரில் பரவலாகக் காணப்படும் வழக்கம். கொசுவுக்கு இதைவிட வசதி வேறில்லை. தட்டில் நீருக்குப் பதிலாக மணலை இட்டு நனைத்துவிடலாம். அல்லது, மூடியில் சிறு துளையிட்ட புட்டியிலிருந்து பருத்தித் திரியைத் தொட்டி மண்ணுக்குள் செலுத்திவிட்டால், வேண்டிய ஈரத்தைச் செடி தானே இழுத்துக்கொள்ளும். கண்ணாடிப் புட்டியில் நிற்கும் மணி பிளாண்ட் கொடியை அந்தச் சில வாரங்களுக்கு மண்ணில் ஊன்றிவிடுவது மேல்.

கொல்லைப்புறத்து ஆட்டுக்கல்லை இங்கே சிறப்பாகக் குறிப்பிடல் வேண்டும். மின்சார அரைவை இயந்திரம் வந்தபின் வெளியே தள்ளப்பட்ட ஆட்டுக்கல்லின் குழியில் ஒவ்வொரு மழையும் இரண்டு மூன்று லிட்டர் நீரை விட்டுச் செல்கிறது. அதைத் தூக்கிக் கவிழ்ப்பது எல்லாராலும் இயலாது. குழியில் மணலை நிரப்பிவிட்டால் ஆண்டு முழுதும் கவலையில்லை. எறும்பு ஏறாதிருக்க அலமாரிக் கால்களுக்கு அடியில் நீர்க் கிண்ணம் வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அந்நீரில் ஒரு பிடி உப்பைக் கரைக்கலாம், அன்றேல் கிண்ணத்தையே எடுத்துவிடலாம். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், வண்டிமேல் போர்த்திய தார்ப்பாயின் மடிப்பு ஆகியவை மழைக்கு முன்பே பார்க்க வேண்டியவை. வாளி, குடம், அண்டா முதலியவற்றைக் கவிழ்ப்பதற்கு முன் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுந்தத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் கவிழ்த்தால் நீர்தான் போகும். முட்டை சுவரிலேயே காத்திருக்கும்.

பட்டியலில் வராத வீடுகள்

வீடுவீடாகச் சென்று கொசுப்புழு தேடும் களப்பணியாளருக்குப் பூட்டிய வீடு ஒரு கணக்குப் பிரச்சினையாகவும் அமைகிறது. வீட்டுக் குறியீடு என்பது, சோதித்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீடுகளில் புழு காணப்பட்டது என்பதே. ஒரு தெருவில் 100 வீடுகள் உள்ளன என்றும், 30 வீடுகள் பூட்டியுள்ளன என்றும் வைத்துக்கொள்வோம். சோதித்த 70 வீடுகளில் மூன்றில் புழு இருந்தால் குறியீடு 4.3 என்று வரும். பூட்டிய முப்பதில் ஆறு வீடுகளில் புழு இருந்திருப்பின் உண்மையான நிலை 9. அறிக்கையில் 4.3 என்றே எழுதப்படும். மருந்தும் ஆட்களும் அதற்கேற்பவே ஒதுக்கப்படுவர். ஆகவே பூட்டிய வீடுகளின் எண்ணிக்கையைக் குறியீட்டுக்கு அருகிலேயே எழுதுவதும், ஏப்ரல் முதல் வாரத்திலேயே, அதாவது மக்கள் புறப்படுவதற்கு முன்பே, ஒரு சுற்றை முடித்துவிடுவதும் பயனளிக்கும்.

வீடு பூட்டியிருப்பதைப் பிறர் அறியக் கூடாது என்று மக்கள் எண்ணுவதில் நியாயம் உண்டு. திருட்டுப் பயம் அவர்களுக்கு. ஆயினும் வீட்டுச் சாவி ஒன்று, மாடிக்கும் கொல்லைக்கும் செல்லும் வழி வேறொன்று. உள்வீட்டைப் பூட்டிவிட்டு, வெளிப்படிக்கட்டின் சாவியை மட்டும் அடுத்த வீட்டாரிடம் ஒப்படைத்தால், மழை பெய்த மறுநாள் அவர்கள் ஒருமுறை மேலே சென்று பார்த்து வரலாம். தாம் ஊரில் இல்லாத நாட்களைப் பகுதிக் காவல் நிலையத்துக்குத் தெரிவித்துச் செல்வது திருட்டுக்கும் பாதுகாப்பு.

தமிழும் ஆட்சி மொழியாக விளங்கும் சிங்கப்பூரில் இதற்கென்றே அரசு அறிவுரை உண்டு. விடுமுறைக்குச் செல்வோர் கழிப்பறைப் பீங்கானை மூட வேண்டும், ஃப்ளஷ் தொட்டியின் வழிந்தோடும் குழாயை அடைக்க வேண்டும், தரை வடிகால்களை மூட வேண்டும், நீண்ட நாள் செல்வதாயின் உறவினர் ஒருவரை வந்து பார்த்துவரச் சொல்ல வேண்டும், தொடர்பு கொள்ளும் எண்ணை அயலாரிடம் கொடுக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சுற்றுப்புற வாரியம் வீட்டாருக்கு எடுத்துரைக்கிறது. நம் நகரங்களில் இத்தகைய அறிவுரையை விடுமுறைக்கு முன்பே வீடுதோறும் கொண்டுசேர்க்கத் தகுதியானவர் பள்ளி ஆசிரியர் என்பதில் ஐயமில்லை. அச்சிட்ட துண்டுத்தாள் குப்பைக்குப் போகும். ஆறாம் வகுப்புச் சிறுமி வீட்டில் சொல்வது போகாது.

இதற்கு வகுப்பறையில் ஓர் எளிய சோதனை உண்டு. கருநிறம் பூசிய தகர டப்பாவில் பாதியளவு நீர் ஊற்றி, உட்சுவரை ஒட்டிச் சொரசொரப்பான காகிதத் துண்டைச் சுற்றி, நிழலான மூலையில் நான்கு நாட்கள் வைக்க வேண்டும். ஏடிஸ் உள்ள இடமாயின் காகிதத்தில், நீர்மட்டத்துக்கு மேல், கரும் புள்ளிகள் காணப்படும். கைலென்சால் பார்த்தால் முட்டை வடிவம் புலனாகும். காகிதத்தை ஒரு நாள் ஈரத்தோடு வைத்திருந்து, பின்னர் நிழலில் உலர்த்தி, உறையிலிட்டு மூன்று வாரம் பத்திரப்படுத்தி, பிறகு மாணவர் முன்னிலையில் கண்ணாடிக் குவளையிலுள்ள நீரில் அமிழ்த்தினால், சில மணி நேரத்திலோ மறுநாளிலோ புழுக்கள் தோன்றி நெளியக் காணலாம். காய்ந்த முட்டை சாவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்ட முடியாது. குவளையின் வாயை வலைத்துணியால் கட்டியிருத்தல் இன்றியமையாதது. பாடம் முடிந்ததும் கொதிநீர் ஊற்றிப் புழுக்களை அழிப்பதும், டப்பாவை நான்காம் நாளே அப்புறப்படுத்துவதும் ஆசிரியரின் பொறுப்பு. மறந்தால் பள்ளியே கொசுப் பண்ணையாகிவிடும்.

ஊரிலிருந்து திரும்பும் குடும்பம், கதவைத் திறந்ததும் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்கட்டும். எரிவாயு வாசனை இல்லை என்று தெரிந்த பின்னரே மின்விசையைத் தொட வேண்டும். வாரக்கணக்கில் நின்ற தொட்டி நீரில் குளோரின் தங்கியிராது. அதைக் குடிக்காமல், தரை கழுவவும் செடிகளுக்கும் பயன்படுத்திவிட்டு, தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஏற்றலாம். திரும்பிய இரண்டு வாரத்துக்குள் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டால், எந்த ஊரில் எத்தனை நாள் இருந்தனர், வீடு எத்தனை நாள் பூட்டியிருந்தது என்பவற்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் பார்க்கும்வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளலாகாது. டெங்குவாக இருப்பின் அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும்.